விட்டுப் போக முடியாதவர்

ஆள் எடுக்கும் வேலையில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்: உள்ளூர்க்காரருக்குத்தானே முதல் வாய்ப்புத் தர வேண்டும்? ஆமாம் என்பார்கள். என் பதிலும் அதுதான். தன் நாட்டில் தன்னால் செய்யக்கூடிய ஒரு வேலை, தன் காதுக்கே எட்டாமல் வெளியாருக்குப் போய்விட்டது என்று ஒருவர் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

இதற்காகவே, வெளிநாட்டவரை எடுக்கும் முன் உள்ளூரில் விளம்பரம் போட வேண்டும் என்ற விதி பல நாடுகளில் வந்தது. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கேட்பதற்கு முன், சில விதிவிலக்குகள் தவிர, அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் 14 நாளாவது விளம்பரம் இருக்க வேண்டும். பிரிட்டனில் இது 28 நாளாக இருந்தது. 2020 கடைசியில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஊழியருக்குக் கிரீன் கார்டு வாங்க முதலாளி கடக்க வேண்டிய பெர்ம் என்ற முறையில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் விளம்பரம்கூட உண்டு. ஞாயிறு பேப்பரைப் பார்த்து மென்பொருள் வேலை தேடுகிறவர் இன்று யார் இருக்கிறார், சொல்லுங்கள்.

விளம்பரம் எப்படித் தயாராகிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். திரையின் ஒரு பாதியில் ஏற்கெனவே முடிவு செய்த ஆளின் ரெஸ்யூமே, மறு பாதியில் விளம்பரம். அவருக்கு எந்த மென்பொருள் தெரியுமோ அது ‘கட்டாயம்’. அவருக்குத் தெரியாதது ‘தெரிந்திருந்தால் நல்லது’. அப்புறம் உள்ளூர் விண்ணப்பங்கள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? இது பெரிய இடங்களிலும் பிரச்சினையாகி இருக்கிறது. பெர்ம் வேலைகளைத் தன் வழக்கமான வேலைவாய்ப்புப் பக்கத்தில் போடாமல், தபாலில் விண்ணப்பிக்கச் சொன்னதாக ஃபேஸ்புக் மீது அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. 2021 அக்டோபரில் 1 கோடியே 42.5 லட்சம் டாலர் வரை தருவதாகச் சமரசம் ஆனது.

சரி, உள்ளூரில் தகுதியான ஆள் இருக்கும்போதும் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? வெளிநாட்டவர் கெட்டிக்காரர், அல்லது சம்பளம் குறைவு என்று இரண்டு காரணம் சொல்வார்கள். இரண்டும் சில நேரம் உண்மை. ஆனால் நேர்காணல் முடிந்து கதவைச் சாத்தியபின் நான் அதிகம் கேட்டது வேறு: “உள்ளூர்ப் பையன் ஆறு மாசத்துல வேற ஆஃபர் வாங்கிட்டுப் போயிடுவான். இவர் எங்கே போகப் போறார்?”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு வழியோ அமையாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கத்தாரில் பழைய முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் வேலை மாறவே முடியாது என்ற நிலை 2020இல்தான் சட்டப்படி மாறியது. இப்படிக் கட்டிப்போடப்பட்டவர் இரவு பதினோரு மணி அழைப்பையும் எடுப்பார். பக்கத்து இருக்கையில் ஆறு மணிக்குப் பையை எடுக்கும் உள்ளூர்க்காரர் அவரோடு ஒப்பிடப்பட்டுச் சோம்பேறி ஆகிவிடுவார்.

ஒரு சம்பள உயர்வுக் காலத்தில் ஒரே வேலை பார்த்த இருவருக்கு அடுத்தடுத்துக் கடிதம் கொடுத்தோம். உள்ளூர்ப் பெண் அங்கேயே படித்துவிட்டு, “இது போதாது” என்றார். பேசி இன்னும் கொஞ்சம் வாங்கினார். விசாவில் இருந்தவர் எண்ணைப் பார்த்தார், கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “விசா ரினியூவலுக்கு எப்போ அனுப்புவீங்க சார்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆள் எடுக்கும்போது மேலாளருக்கு யார் நினைவுக்கு வருவார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் உள்ளூர்க்காரரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் வெளிநாட்டவரின் கட்டை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதே சம்பளம், வேலை மாறும் அதே உரிமை. அப்புறம் ‘உள்ளூருக்கு முதலிடம்’ என்று விதி போடுங்கள்; ஏய்க்க ஆசை குறைவாக இருக்கும். ஒதுக்கீடு மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு சவூதி இருக்கிறது. 2011இல் உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கீடு வைக்கும் நிதாகத் திட்டம் வந்தபின், கணக்குக் காட்டுவதற்காக மட்டும் சம்பளப் பட்டியலில் சவூதிக்காரர் பெயரைச் சேர்க்கும் நிறுவனங்களைப் பிடிப்பதே அரசுக்குத் தனி வேலையாகிவிட்டது.

என் வேலையில் என்னால் முடிந்தது ஒரு கேள்விதான். கோப்பில் கையெழுத்துப் போடும் முன் மேலாளரிடம் கேட்பேன்: “இவர் நாளைக்கே விட்டுப் போகலாம் என்று இருந்தால், இதே சம்பளம் சொல்வீர்களா?” பலருக்கு எரிச்சல் வரும். ஒருவர் மட்டும் யோசித்துச் சம்பளத்தை ஏற்றி, மறுபடி விளம்பரம் போட்டார். முதல் சுற்றில் எட்டிப் பார்க்காத உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள், நல்ல ஆட்கள். வேலை கடைசியில் அதே வெளிநாட்டவருக்குத்தான் போனது, புதிய சம்பளத்தில். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.