கூட்டமாய்க் கப்பல் ஏறப்போறவைக்கு: கபின் (கப்பல் அறை) விசயம்

கனடா, லண்டன் சொந்தங்கள் சிங்கப்பூருக்கு வர, கிளிநொச்சி, வவுனியாவிலயிருந்து இவையும் போய்ச் சேந்து ஒண்டாய் குறூஸ் (உல்லாசக் கப்பல் பயணம்) போற யோசனை இப்ப கனபேருக்கு. கபினை விலை பாத்து மட்டும் எடுக்காதேங்கோ.

ஆக மலிவானதில அறை இலக்கத்தைக் கடைசி நேரத்தில கப்பல்காரர்தான் தீர்மானிப்பினம். ஆறு அறை எடுத்தால் ஆறும் ஆறு தட்டில (மாடியில) விழலாம். கூட்டத்துக்கு அது சரிவராது. கொஞ்சம் கூடக் குடுத்தாலும் இலக்கத்தை நீங்களே தெரிவுசெய்யுங்கோ. மேலயும் கீழயும் கபினே உள்ள தட்டு நல்லது. நீச்சல்குளத்துக்கு நேர கீழ எண்டால் விடியக்காலமை கதிரை இழுக்கிற சத்தத்தில ஆரும் நித்திரை கொள்ளேலாது. சத்தி வாறவைக்கு நடுக்கப்பல், கீழ்த்தட்டு. முன்பக்கம் ஆட்டம் கூட.

நாலுபேர் கபினில ரெண்டு படுக்கை அனேகமாய் மேலயிருந்து இறக்கிறது, ஏணியில ஏறவேணும். அம்மம்மாவை அதில போடேலாது. நாலுபேர் அறைகள் குறைவு, வேளைக்கே முடிஞ்சிடும். தனியாள் ஒரு அறை கேட்டால் பெரும்பாலும் ரெண்டுபேர் காசு.

பாஸ்போட் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்கவேணும். தகப்பன் பேர் முன்னுக்கோ பின்னுக்கோ, பாஸ்போட்டில உள்ளபடியே புக்கிங்கிலயும் போடுங்கோ. நீங்கள் இறங்காட்டிலும், கப்பல் தொடுற ஒவ்வொரு நாட்டுக்கும் விசா கேப்பினமோ எண்டு விசாரியுங்கோ. விமானம் கப்பல் வெளிக்கிடுறதுக்கு முதல்நாளே போய்ச் சேரவேணும், பிந்தினால் கப்பல் நிக்காது. துறைமுகத்தில குடுக்கிற பெட்டி கபினுக்கு வரப் பின்னேரமாகும். மருந்தும் பாஸ்போட்டும் கைப்பையில. அயன்பொக்ஸ் கொண்டுபோகாதேங்கோ, வாங்கி வச்சிடுவினம்.