மாடித் தளத்துக்கு மரமா, காம்போசிட்டா: நான் மரத்தின் பக்கம் நின்ற கதை

மாடியில் பலகைத் தளம் போடப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "எதுக்குப் பராமரிப்பே வேண்டாம்?" இந்தக் கேள்வியோடு கிளம்பினால் காம்போசிட்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. எனக்கு வேறொரு கேள்வி முக்கியமாகப் பட்டது. வெயிலிலும் மழையிலும் கிடக்கிற எந்தப் பொருளும் ஒருநாள் கெடும். கெட்ட பிறகு அதை என்ன செய்ய முடியும்? இதற்குப் பதில் தேடப் போய்த்தான் நான் மரத்தின் பக்கம் வந்து நின்றேன்.

காம்போசிட் பலகை மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூட்டில் கலந்து அச்சில் பிதுக்கி எடுப்பது. பெரும்பாலும் பாலிஎதிலீன், சிலர் பாலிப்ரோப்பிலீன் அல்லது பிவிசி சேர்ப்பார்கள். பழைய வகைகளில் மரத்தூள் மேல்பரப்பிலேயே தெரியும். அது ஈரம் குடிக்கும், கறை பிடிக்கும், பூஞ்சை பூக்கும். இப்போது வரும் நல்ல வகைகளில் மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று சேர்ந்தே வருகிறது. கறையையும் நிறம் மங்குவதையும் அது நன்றாகவே தடுக்கிறது. வாங்குவதென்றால் உறை போட்டதைத்தான் வாங்க வேண்டும். அதிலும் நாலு பக்கமும் உறை இருக்கிறதா, அடிப்பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்களா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த உறைதான் அதன் எல்லையும். கனமான பூந்தொட்டியை இழுத்து ஆழமான கீறல் விழுந்தால் அது விழுந்ததுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உறையே போய்விடும். அந்தப் பலகையைக் கழற்றி வேறு போடலாம். ஆனால் சில வருடம் கழித்து அதே நிறம், அதே அகலம், பக்கவாட்டில் அதே காடி உள்ள பலகை கிடைக்குமா? நிறங்களையும் அச்சுகளையும் தயாரிப்பாளர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மரத்தில் கீறல் விழுந்தால் இழைக்கலாம். மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் உள்ளே புது மரம். ஒரு பலகை பிளந்தால் எந்த ஆசாரியும் அதே அளவில் இன்னொன்று அறுத்துத் தருவார்.

அடுத்தது சூடு. இதை நான் படித்து முடிவு செய்யவில்லை. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அடர்பழுப்பு நிறத்தில் மாதிரித் துண்டுகள் வாங்கி, உச்சி வெயிலில் மாடியில் பக்கம் பக்கமாக வைத்தேன். துணி காயப்போட வந்த அம்மாவிடம் வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொன்னேன். காம்போசிட் மேல் வைத்த காலை அந்த நொடியே எடுத்துவிட்டார். "இதுல நிக்க முடியாதுடி." மரத்தின் மேல் ஏறி நின்று, "இது சுடுது, ஆனா பொறுத்துக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் மாடிக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகிற ஆள் யாரும் இல்லை. பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

காரணம் எளிது. காம்போசிட் அடர்த்தியானது. தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ; காம்போசிட் பெரும்பாலும் 1000 கிலோவைத் தாண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் அடர்த்தியானது காலுக்குச் சூட்டை வேகமாகக் கடத்துகிறது. வெளிர் சாம்பல் நிறம் எடுத்தால் கொஞ்சம் தேவலை. அப்புறம், எதிரே வெயிலைத் திருப்பி அடிக்கிற கண்ணாடி ஜன்னல் இருந்தால் காம்போசிட்டில் கவனம் தேவை. சில வகைக் கண்ணாடிகள் வெயிலைக் குவித்து அடித்துப் பலகையை நெளியவே வைத்துவிடும். தயாரிப்பாளர்களே எச்சரிக்கிற விஷயம் இது.

இன்னொரு வித்தியாசம், இரண்டும் அசைகிற விதம். மரம் ஈரத்துக்கு அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அசைவது மிகக் குறைவு. காம்போசிட் சூட்டுக்கு நீளவாக்கில் வளரும். 4 மீட்டர் பலகை ஒன்று காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே 30 டிகிரி மாறினால், 4 முதல் 6 மி.மீ. வரை நீளும். முனையோடு முனை ஒட்டிப் போட்டால் அந்த நீளம் போக வழியில்லாமல் பலகை மேலே எழும்பும். அதனால்தான் கிளிப் போட்டுப் பொருத்தி, முனைகளில் இடைவெளி விடுகிறார்கள். வேலைக்கு வருகிறவரிடம் "முனையில எவ்வளவு விடுவீங்க?" என்று கேளுங்கள். அன்றைய வெயிலைப் பற்றிப் பேசாமல் அளவு மட்டும் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

இவ்வளவு சொல்லிவிட்டு மரத்தின் குறைகளை மறைப்பது நியாயமில்லை. மரம் வெளுக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தில் உள்ள லிக்னினை, அதாவது மர இழைகளை ஒட்டிப் பிடிக்கிற பொருளை, சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, மிஞ்சுவது வெள்ளி கலந்த சாம்பல் நிறம். வலுவுக்கு இதனால் கேடு இல்லை, நிறம்தான் போகிறது. அந்தச் சாம்பல் நிறம் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் தொடர்ந்து எண்ணெய் பூச வேண்டியிருக்கும். பூசுவதானால் உள்ளே இறங்குகிற எண்ணெய்தான் நல்லது, வார்னிஷ் வேண்டாம். அது மேலே படலமாக நின்று, வெடித்து, செதில் செதிலாக உரியும். இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் மாதிரி காயும் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. காயும்போது அது சூட்டை வெளிவிடும், சுருட்டின துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எல்லா மரமும் மாடிக்கு ஆகாது. வைரம் பாய்ந்த தேக்கு தாங்கும். ஆனால் அதே தேக்கின் ஓரத்து வெளிர் பகுதி தாங்காது. 'தேக்கு' என்ற பேரைக் கேட்டு மயங்காமல் பலகையின் முனையைப் பாருங்கள், வெளிர் பட்டை தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். தென்னமெரிக்காவின் இபே மரம் இன்னும் கெட்டி. ஆனால் காடுகளில் அது குறைந்துவருவதால் 2024 நவம்பரிலிருந்து அதன் பன்னாட்டு வணிகத்தை, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான சைட்ஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. யாராவது இபே என்று கொடுத்தால் காகிதம் கேட்க வேண்டும். பைன் போன்ற சாதாரண மரத்தை 200 டிகிரியை ஒட்டிய சூட்டில், நீராவியில் பக்குவப்படுத்தியும் விற்கிறார்கள். அது ஈரம் குடிப்பதும் உப்புவதும் குறைவு. ஆனால் கொஞ்சம் நொறுங்கும் தன்மை வந்துவிடும், ஸ்க்ரூ போடுமுன் கட்டாயம் துளை போட வேண்டும். நான் எடுத்தது தேக்கு. பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினேன். கடைக்காரருக்குப் பொறுமை இருந்தது, அது என் அதிர்ஷ்டம்.

இனி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற விஷயம்: பலகைக்கு அடியில் இருப்பது. மேலே போடுவது மரமா காம்போசிட்டா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் கீழே என்ன வருகிறது என்று ஒரு மணிநேரம்கூட யோசிப்பதில்லை. மரம் மக்குவது மழையால் என்று நினைக்கிறோம். நனைந்து காய்கிற மரம் மக்காது. நனைந்தது காயாமலே கிடந்தால்தான் மக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் மக்கவைக்கும் பூஞ்சையால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பலகைகளுக்கு நடுவே 5, 6 மி.மீ. சந்து, அடியில் காற்று ஓட இடம், தண்ணீர் நிற்காமல் ஓட வாட்டம், இந்த மூன்றும் வேண்டும்.

கான்கிரீட் தளத்தில் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு குடம் தண்ணீர் போதும். ஊற்றிவிட்டுப் பாருங்கள், எங்கே தேங்குகிறதோ அங்கே முதலில் சரிசெய்யுங்கள். பலகை போட்ட பிறகு அந்தக் குட்டை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கேயேதான் இருக்கும். அடுத்து, ரீப்பரை, அதாவது பலகையைத் தாங்குகிற அடிச்சட்டத்தை, தளத்தில் துளையிட்டு முடுக்க விடாதீர்கள். வாட்டர் ப்ரூஃபிங் அடுக்கில் ஒவ்வொரு துளையும் கீழ்வீட்டுக் கூரைக்கு ஒரு ஒழுகல். ரப்பர் பட்டையின் மேலோ, உயரத்தைத் திருகிச் சரிசெய்கிற பிளாஸ்டிக் கால்களின் மேலோ ரீப்பரை உட்காரவைக்கலாம். தண்ணீர் வெளியேறும் குழாய் வாய்க்கு மேலே வருகிற பலகைகளைத் தனிச் சட்டமாக அடித்து, தூக்கிப் பார்க்க வசதி செய்துகொள்ளுங்கள். இலையும் குப்பையும் அங்கேதான் அடையும்.

ரீப்பர் இடைவெளியில் காம்போசிட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். கனமாக இருந்தாலும் அதற்கு விறைப்பு குறைவு. தேக்கின் விறைப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான், பலவற்றில் அதற்கும் கீழே. தூர தூரமாக ரீப்பர் போட்டால் நடக்கும்போது தொட்டில் மாதிரி அமுங்கும். நடுவுக்கு நடு 30 முதல் 40 செ.மீ.க்குள் போடச் சொல்வது அதனால்தான். எடையையும் கணக்கில் கொள்ளுங்கள்: 25 மி.மீ. கனத்தில் தேக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோ, கெட்டிக் காம்போசிட் 28 கிலோ அளவுக்கு வரும். பழைய கட்டடமென்றால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அதில் 304 என்ற தரம் பொதுவாகப் போதும். கடல்காற்று படுகிற இடத்தில் 316. சாதாரண இரும்பு துருப்பிடிப்பதோடு நிற்காது, மரத்தில் இயல்பாகவே உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் மை கொட்டினதுபோல் கறுப்பு வட்டம் போடும். எங்கள் வேலையில் பக்கத்தில் இரும்புக் குழாய் அறுத்தார்கள். அந்தப் பொடி ஈரப் பலகையில் விழுந்து மறுநாளே கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தது. உப்புத்தாள் போட்டதும் போய்விட்டது.

சரி, காம்போசிட் யாருக்கு? தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் நான் யோசிக்காமல் அதைச் சொல்வேன்; சிலாம்பு ஏறாது. கூரை போட்ட, வெயில் நேரே படாத மாடிக்கும் அது பொருத்தம், சூட்டுப் பிரச்சினை அங்கே இல்லை. வயதானவர்கள் தனியாக இருந்து, எண்ணெய் பூச ஆள் பிடிக்க முடியாத வீட்டுக்கும் சரி. அப்போதும் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவத்தான் வேண்டும், சந்தில் சேர்கிற மண்ணிலும் நிழலிலும் பாசி பிடிக்கும். உள்ளே கூடாக இருக்கிற வகையை எடுத்தால் முனைகளை மூடுங்கள், தண்ணீர் உள்ளே போய் நிற்கும். அறுக்கும்போது அடியில் விரிப்புப் போட்டுத் தூளை அள்ளிவிடுங்கள், பாதி பிளாஸ்டிக் அது. போடும்போதே அதே தொகுப்பில் நாலைந்து பலகை கூடுதலாக வாங்கி, வெயில் படாத இடத்தில் படுக்கவைத்து எடுத்துவையுங்கள். வாரன்டி தாளில் நிறம் மங்குவதற்கு என்ன எழுதியிருக்கிறது, பலகை மாற்றித் தந்தால் கழற்றிப் போடும் கூலி யாருடையது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே படித்துவிடுங்கள்.