கறுப்புச் சட்டைக்காரர்

2024 மே 6, திங்கள்

இத்தாலியச் சுற்று சைக்கிள் பந்தயமான ஜிரோ தொடங்கி மூன்று நாளாகிறது. பந்தய முடிவுகளைக் கீழிருந்து மேலாகப் படிப்பது என் பழைய வழக்கம். லூயிஜி மலாப்ரோக்கா எனக்கு அறிமுகமானதும் அப்படித்தான். 1920இல் தொர்த்தோனாவில் பிறந்த இவர், 1946, 1947 ஆகிய இரண்டு ஜிரோக்களிலும் கடைசியாக வந்தவர். முன்னணியில் இருப்பவருக்கு இளஞ்சிவப்புச் சட்டை அணிவிப்பதுபோல், கடைசி ஆளுக்குக் கறுப்புச் சட்டை அணிவிக்கும் வழக்கம் 1946 முதல் 1951 வரை இருந்தது. போரில் நொடித்துப்போயிருந்த அந்நாட்டு மக்கள், கடைசியாக வருபவர்மீது இரக்கப்பட்டுப் பணமும் உணவுப் பொருள்களும் கொடுத்தார்கள். நடுவில் வருபவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மே 8, புதன்

இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1947இல் வென்ற ஃபௌஸ்தோ கோப்பியைவிட மலாப்ரோக்கா 5 மணி 52 நிமிடம் பின்தங்கியிருந்தார். 20 கட்டங்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்குப் பதினேழு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. சோம்பேறிக்கு இது கைவராது. கெடு நேரத்தைத் தாண்டினால் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்பதால், கடைசியிடத்துக்குப் போட்டியிடும் மற்றவரைவிட மெதுவாகவும் கெடுவுக்கு முன்பாகவும் வந்துசேர வேண்டியிருந்தது. அதற்காக மதுக்கடைகளிலும் வைக்கோல் கொட்டகைகளிலும் ஒளிந்திருந்து நேரம் கடத்தினார். ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்குள் பதுங்கியிருந்தவரைக் கண்ட குடியானவர் உள்ளே என்ன வேலை என்று கேட்க, ஜிரோவில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றாராம். வாய்மாறி மெருகேறிய கதைதான். ஆனாலும் விட மனம் வரவில்லை.

மே 12, ஞாயிறு

1949இல் அவரை மிஞ்ச ஒருவர் வந்தார்: சாந்தே கரோல்லோ, கொத்து வேலை பார்த்தவர். மோன்சாவில் முடிந்த கடைசிக் கட்டத்தில் எப்படியாவது கரோல்லோவுக்குப் பின்னால் போய்விட வேண்டும் என்று மலாப்ரோக்கா வழியில் ஒரு மதுக்கடையிலும், பிறகு ஒருவர் வீட்டில் தூண்டில் சாமான்களைப் பார்த்தபடியும் உட்கார்ந்துவிட்டார். அவர் வந்து சேர்ந்தபோது நேரம் குறிப்பவர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கூட்டமாகச் சேர்ந்து ஓட்டிவந்த மற்ற வீரர்களின் நேரத்தையே அவருக்கும் எழுதிவிட்டார்கள். கறுப்புச் சட்டை கரோல்லோவுக்குப் போயிற்று.

மே 13, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சேற்றிலும் மேட்டிலும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய சைக்ளோகிராஸ் பந்தயத்தில், 1951இலும் 1953இலும் இத்தாலியின் தேசிய வாகையர் இதே மலாப்ரோக்காதான். அங்கே அவர் எந்தத் தொட்டியிலும் ஒளியவில்லை.