எம்ஆர்2 க்குத் தண்ணீர் நிரப்பின கதை

1987 ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2 கார் ஒன்று மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே ஆறு மாரி நனைந்துகொண்டு நின்றது. பெரியமாமா கொழும்பில் ஓடின கார். கனடாவுக்குப் போகும்போது விற்க மனம் வராமல் இங்கே கொண்டுவந்து விட்டு, திறப்பை அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது, ஒரு அரிசி மூட்டை வைக்க இடமில்லை. அம்மாவின் கணக்கில் அது காரே இல்லை. "பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தா முத்தமாவது வெளிக்கும்" என்பார். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியதும் எந்தப் பழைய காருக்கும் விலை ஏறியது. அதோடு முற்றத்தைப் பற்றிய பேச்சும் நின்றது. 2023 மாசியில் மழை ஓய, நான் ஸ்பானரோடு இறங்கினேன்.

நான் மெக்கானிக் இல்லை. பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

இந்தக் காரில் இஞ்சின் முன்னுக்கு இல்லை. இரண்டு சீற்றுக்கும் பின்னால், பின்சில்லுக்குச் சற்று முன்னால், குறுக்காகக் கிடக்கிறது. 1984 இல் இது வெளிவந்தபோது, ஜப்பானில் இப்படி நடுவில் இஞ்சின் வைத்துத் தொகையாகச் செய்த முதல் கார் இதுதான். இஞ்சின் 4ஏ-ஜீஈ, 1587 சிசி, 16 வால்வு. அந்தக் காலத்துக் கொரோலா லெவினிலும் இதே இஞ்சின் வந்தது. அதனால் கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் இஞ்சின் சாமான் கேட்டால் தேடித் தருவார்கள். காரின் வெளிக்கூட்டுச் சாமான் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆறு வருடம் நின்ற இஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஓயில் விட்டு ஒரு இரவு ஊறவைத்தேன். மறுநாள் கிராங் போல்ட்டில் சொக்கட்டைப் போட்டுக் கையால் சுற்ற, முனகிக்கொண்டு சுற்றியது. பெற்றோல் ராங்கி இரண்டு சீற்றுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது. அதிலிருந்து வடித்த பழைய பெற்றோல் வார்னிஷ் மணந்தது. டைமிங் பெல்ட், ஃபில்டர்கள், இறுகிப்போன ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் மாற்றினேன். ஓயில் ஃபில்டர் சாதாரணக் கொரோலாவுக்குப் போடுவதுதான். மூன்றாம் நாள் இஞ்சின் பிடித்தது. சீற்றுக்கடியில் குடியிருந்த பூனை அன்றைக்குப் போனதுதான்.

இங்கே ஒரு வெட்கக்கேடு. இஞ்சின் ஓடுமா ஓடாதா என்று தெரிவதற்கு முன்னமே நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தது காரைத் தாழ்த்துகிற ஸ்பிரிங் நாலு. படத்தில் பார்க்க வடிவாக இருந்தது. போட்டேன். எங்கள் ஒழுங்கை முடிந்து தெருவில் ஏறும் இடத்தில் ஒரு கொங்கிறீற் மூடி சற்று எழும்பி நிற்கும், சைக்கிள்காரர்கூடக் கவனிப்பதில்லை. கார் அதில் முன்தாடையைக் கொடுத்துவிட்டு நின்றது. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட ஒரு முழு ஞாயிறு போயிற்று. புதியது நாலும் கோழிக்கூட்டுக்கு மேல் இருக்கின்றன. யாருக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

கல்லடி மண் கடல் மண். ஜக்கை வைத்து மிதித்தால் கார் எழும்பாது, ஜக் தாழும். அடுத்த வீட்டு மேசன் அண்ணன் மதிலால் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நாலு சீமெந்துக் கல் கொண்டுவந்து போட்டார். அதற்கு மேல் ஜக், பக்கத்தில் தென்னங்குத்தி முண்டு. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை விடாதீர்கள்.

கியர் லீவர் களி கிண்டுகிற அகப்பை மாதிரி ஆடியது. இஞ்சின் பின்னால் இருப்பதால் கியருக்கு நீளமான கேபிள். அதன் நுனியில் இருக்கிற புஷ் தேய்ந்தால் இப்படித்தான். காத்தான்குடியில் ஒரு கடைசல் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். பட்டறைக்காரர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், அரைமணித்தியாலத்தில் முடித்துத் தந்தார். செலவழித்த காசுக்கு இவ்வளவு சுகம் தந்த வேலை இந்தக் காரில் வேறில்லை.

புகைச் சோதனையில் முதல் நாள் பெயில். காரணம் நானே. டைமிங், அதாவது பிளக் பொறி விடுகிற நேரம், பார்க்கும்போது, சோதனைச் சொக்கட்டில் டி, இ1 என்கிற இரண்டு துளையையும் கம்பியால் இணைத்துவிட்டு 10 பாகையில் வைக்க வேண்டும். நான் இணைக்காமலே 10 இல் வைத்துவிட்டேன். இஞ்சின் கம்பியூட்டர் தன் பங்குக்கு நேரத்தை முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும்போது அளந்தால் உண்மையான டைமிங் அதற்கும் பின்னால் போய்விடும். பெற்றோல் சரியாக எரியாது, சூடும் கூடும். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகித் திரும்ப வைத்தேன். அடுத்த நாள் பாஸ். பிரதேச செயலகத்தில் பழைய நிலுவையையும் கட்டி லைசன்ஸ் எடுத்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் தண்ணீர்க் கதை.

ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் இல்லை. ஏறாவூர் மட்டும் போய்த் திரும்பினால் சூட்டு முள் சிவப்புக்கு ஏறும். நிறுத்தி முன்னால் ரேடியேற்றரில் கை வைத்தால் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர். இஞ்சின் பின்னால் கொதிக்கிறது, அந்தச் சூட்டுத்தண்ணீர் முன்னால் வந்து சேரவே இல்லை. டாஷ்போட்டுக்குப் பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கிற சத்தம் வேறு.

இஞ்சின் பின்னால், ரேடியேற்றர் முன்னால். இடையில் காரின் வயிற்றோடு இரண்டு இரும்புக் குழாய், ஒன்று போக, ஒன்று வர. கிட்டத்தட்டப் பதின்மூன்று லீற்றர் தண்ணீர் அதற்குள் சுற்ற வேண்டும். வழியில் காற்றுப் போய் இருந்துவிட்டால் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும். என் காரில் அதற்கு மேலே இன்னொன்று: குழாயைக் கழற்றித் தட்டினேன், தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் வந்தது, அதோடு உள்ளங்கை நிறையக் கறள் செதில். வெளியே உப்புக் காற்று, உள்ளே யாரோ ஒரு காலத்தில் ஊற்றின உவர்க் கிணற்றுத் தண்ணீர். இரண்டு பக்கத்தாலும் தின்றுகொண்டு வந்து நடுவில் சந்திக்க ஒரு கடுதாசி மொத்தம்தான் பாக்கி.

புதுக் குழாய்க்கு ஒரு பட்டறையைப் பிடித்தேன். படிக்கட்டுக்குக் கைபிடி செய்கிற ஸ்டெயின்லெஸ் குழாயில் வளைத்துத் தந்தார்கள். 304 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். 201 ரகம் கடற்கரையில் பொட்டுப் பொட்டாகக் கறள் பிடிக்கும். வளைவு சரி, நீளம் சரி, மினுக்கம் கல்யாண வீட்டுக் குடம் மாதிரி. பூட்டி, பெற்றறிக்கு ஊற்றுகிற தண்ணீரும் கூலண்டும் கலந்து நிரப்பிக்கொண்டு, ஒரு பின்னேரம் பாலத்தால் நகரத்துக்குப் போனேன்.

புதுப் பாலத்தில் பாதி போயிருப்பேன். சூட்டு முள் கீழே இறங்கியது. ஏறவில்லை, இறங்கியது. புதுக் குழாயின் குணம் என்று எனக்குள் ஒரு சந்தோசம். பிறகு ஒரு இனிப்பு மணம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளையாக ஆவி. அப்போதுதான் உறைத்தது: முள்ளுக்குச் செய்தி சொல்கிற சென்சர் தண்ணீருக்குள் இருந்தால்தான் சூட்டைச் சொல்லும். தண்ணீரே போய்விட்டால் அது வெறும் காற்றில் நிற்கும், முள் படுத்துவிடும். சட்டென்று இஞ்சினை நிறுத்தி, உருட்டிக்கொண்டு ஓரம் கட்டினேன். பக்கத்தில் 1924 இல் திறந்த பழைய பாலம், அதில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் மீனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, காருக்கு நீர்க்கடுப்பு போல" என்றார் ஒருவர்.

காரைக் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், ஹோஸ் குழாயை விட்டுக் கழன்று தொங்குகிறது. கம்பனிக் குழாயின் நுனியில் சுற்றிவர ஒரு சின்ன விளிம்பு எழும்பியிருக்கும். கிளிப்பை இறுக்கினால் ஹோஸ் அந்த விளிம்பைத் தாண்டி வராது. என் புதுக் குழாய் நுனி மட்டும் வழுவழு. பட்டறைக்காரரைச் சொல்லி என்ன, பழைய குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காதவன் நான். காத்தான்குடிக் காக்கா நாலு நுனியிலும் மெல்லிய வெல்டிங் வளையம் ஓட்டி, கூர் போகத் தேய்த்துத் தந்தார். ஓயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், ஓயிலில் தண்ணீர் கலந்தால் தெரிகிற பால் மாதிரி வெளுப்பு ஒன்றும் இல்லை. இஞ்சினின் மேல்பாகமான ஹெட் தப்பியது, நேரத்துக்கு நிறுத்தினதால்.

இனிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மற்றக் கார்களுக்குச் செய்கிற மாதிரி முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, மூடியைத் திறந்துவிட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். ஐந்து தரம். ஐந்து தரமும் ரேடியேற்றர் குளிர். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம், நெருப்புக்குள் நிற்கிற மாதிரி. முன் பொனற்றுக்குள் காற்று விடுவதற்கென்றே இரண்டு சின்ன மூக்கு இருப்பது தெரியும், ஒன்று ரேடியேற்றரில், மற்றது ஹீட்டர் பக்கம். அவற்றில் உள்ளே தண்ணீர் தெரிகிற ட்யூப் மாட்டி உயரத்தில் தொங்கவிட வேண்டும் என்று கைநூலில் படமும் இருந்தது. ஏன் உயரத்தில், எவ்வளவு உயரம் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்க, மதிலுக்கு மேலால் குரல் வந்தது.

"என்ன மனே, படத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாய்?"

காட்டினேன். மேசன் அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்மட மட்டம் பாக்கிற ட்யூப் தானே" என்றுவிட்டு வீட்டுக்குள் போனார்.

அத்திவாரம் வெட்டும்போது இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மட்டம் பிடிக்க மேசன்மார் வைத்திருக்கிற நீள ட்யூப். பழசாகிப்போன ஒன்றை இரண்டாக வெட்டி எடுத்துவந்தார். ஒவ்வொரு மூக்கிலும் ஒவ்வொன்று, மறுநுனி திறந்த பொனற்றின் உச்சியில் கயிற்றால் கட்டு. "நீ பின்னால ஊத்து. கெதியா ஊத்தாத."

பின்னால் இஞ்சின் பக்கத்து வாயால் ஊற்ற ஊற்ற, ரேடியேற்றர் ட்யூபில் சிவப்புக் கூலண்ட் மெல்ல ஏறியது. ஹீட்டர் ட்யூப் காய்ந்துபோய்க் கிடந்தது. மேசன் அண்ணன் இரண்டையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "ரெண்டும் ஒரு மட்டத்துக்கு வரல்ல. அப்ப எங்கயோ காத்து நிக்கி."

அமுக்கம் சமமானால் இணைந்த குழாய்களில் திரவ மட்டம் சமம். வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறி, பிள்ளைகளைப் பாடமாக்க வைக்கிறவன் நான்.

ஹீட்டர் பக்கம் ஏன் வரவில்லை? அதற்குள் தண்ணீர் போக ஒரு வால்வு திறக்க வேண்டும்; ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பினால்தான் அது திறக்கும். மட்டக்களப்பில் யார் ஹீட்டர் போட்டார்? அசையாமல் இருந்தே இறுகிவிட்டது. கறள் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, ப்ளையரால் மெல்ல அசைக்கக் கடக்கென்று திறந்தது. குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பிவிட்டேன். உள்ளே கொடகொடவென்று ஒரு சத்தம். ஹீட்டர் ட்யூபில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது, பின்னால் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. ஊற்றினேன். என் மகள் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கி விட, அவர் மட்டத்தைப் பார்த்துப் பார்த்து "இன்னும்", "இன்னும்" என்றார். ஒன்றரை மணித்தியாலம். கடைசியில் இரண்டு ட்யூபிலும், பின்னால் ஊற்றுகிற வாயிலும் ஒரே மட்டம். மேசன் அண்ணன் பென்சிலால் பொனற்றின் உள்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். வழக்கம் அப்படி.

மூக்கை அடைத்து, ஸ்டார்ட் பண்ணி, ரேடியேற்றரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஏழெட்டு நிமிடத்தில் உள்ளங்கை சுட்டது. இன்னும் சற்றுப் பொறுக்க, விசிறி தானாகச் சுற்றியது, நின்றது, திரும்பச் சுற்றியது.

கூலி வாங்க மாட்டேன் என்றார். பாசிக்குடா மட்டும் ஒரு ஓட்டம் கூட்டிக்கொண்டு போ என்றார். அடுத்த ஞாயிறு போனோம். திருகோணமலை வீதியால், ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை. முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் முள்ளைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. கும்புறுமூலை தாண்டியிருக்கும், மேசன் அண்ணன் சேட்டுப் பொத்தானை முழுக்கக் கழற்றி, முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"மனே, கேக்கிறன் எண்டு குறை நினைக்காத. இந்தக் கார் எப்பவும் உள்ளுக்கு இப்படித்தான் வேகுமா?"

ஹீட்டர் குமிழ் இன்னும் முழுச் சூட்டிலேயே நின்றது.