எதனால் கூடியது எடை?

வெளிநாட்டு நிதியில் நடந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றில் கணக்குகளைத் தொகுப்பதுதான் என் முதல் வேலை. எத்தனை சத்துமாவுப் பொட்டலங்கள் கொடுக்கப்பட்டன, எத்தனை தாய்மார்கள் கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட்டார்கள் என்பதெல்லாம் பிசகில்லாமல் என் மேசைக்கு வந்துவிடும். மூன்றாம் ஆண்டு முடிவில் குழந்தைகளின் எடை கூடியிருந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். அந்தக் கூட்டத்தில் மூத்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் எழுந்து, மழை தவறாமல் பெய்ததாலா, நூறு நாள் வேலைக்கூலியாலா, நம் சத்துமாவாலா, எதனால் கூடியது என்று கேட்டார். திட்டம் எட்டாத ஊர்களில் ஒரு குழந்தையைக்கூட நாங்கள் எடை பார்த்திருக்கவில்லை. என்னிடம் பதில் இல்லை.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வைப் பின்னாளில் படித்தபோது அந்தச் செவிலியரைத்தான் நினைத்துக்கொண்டேன். 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்தார்கள். அந்த மையங்களில் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் மற்ற மையத்துப் பிள்ளைகளை முந்தினார்கள். தொடர்ந்து மையத்துக்கு வந்த பிள்ளைகளிடையே வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்திருந்தன. பாடம் சொல்ல ஒருவர் வந்ததும், பாடத்தோடு பதிவேடுகளையும் வீட்டுப் பார்வையையும் சேர்த்துச் சுமந்த பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணியைக் கவனிக்க நேரம் கிடைத்திருக்கிறது. இந்த இணைப்பை எந்த அலுவலகக் கோப்பும் காட்டியிராது.

உதவி அமைப்புகளின் பழைய நம்பிக்கைகளும் இப்படிச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. இலவசமாகக் கொடுத்தால் மக்கள் பயன்படுத்த மாட்டார்கள் என்று சொல்லி, கொசுவலைக்குச் சிறு விலை வைக்க வேண்டும் என்று பலர் வாதிட்டார்கள். கென்யாவின் கர்ப்பிணிப் பரிசோதனை மையங்களில் பொருளியலாளர்கள் ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டூபாஸும் அதைச் சோதித்தார்கள். 60 சென்ட் விலை வைத்ததும் வலை வாங்கியோர் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் விலை கொடுத்தவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

பாதிப் பேருக்குக் கொடுத்து மீதிப் பேரை நிறுத்திவைப்பது நியாயமா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். தொடக்கத்தில் எல்லோருக்கும் போதுமான பணம் இல்லாதபோது, சிபாரிசைவிடக் குலுக்கல் நேர்மையானது என்பது என் எண்ணம். பலன் உறுதியான பின்னும் மற்றவர்களுக்குக் கொண்டுசேர்க்காமல் இருப்பதுதான் அநியாயம்.

அடுத்த திட்டத்தில், இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருந்த ஊர்களிலும் எடைக்கருவியோடு போனோம். கைக்குழந்தையை எடைத்தட்டில் கிடத்திய ஒரு தாய், “எடை மட்டும் பாத்துட்டுப் போறீங்களே, எங்களுக்கு எப்போங்க வரும்?” என்று கேட்டார். அடுத்த சித்திரையில் என்று சொன்னேன். அன்று மாலையே அந்தத் தேதியை இரண்டாம் கட்டத்துக்கான உத்தரவில் எழுத்தாக வாங்கிக்கொண்டேன்.