அப்பத்தாவின் 34 நொடி

தோளில் 20 பவுண்டு அரிசி மூட்டை. ரோட்டின் மூன்றாவது தடத்தில் இருக்கிறேன். எதிரே பாதசாரி விளக்கில் நடக்கிற மனிதன் உருவம் மறைந்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கை விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. கையைக் காட்டினால் நில் என்றுதானே நம் ஊரில் பொருள்? நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டேன். முன்வரிசைக் காரில் இருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கி, போ போ என்று கையசைத்தார். அந்தப் புறம் போய்ச் சேர்ந்த பிறகும் நெஞ்சுத் துடிப்பு அடங்கவில்லை. படிக்க டெக்சாஸ் வந்து அது நான்காவது நாள்.

மூன்றாவது வாரம் போக்குவரத்துப் பொறியியல் வகுப்பிலேயே அந்தக் கை வந்தது. புதிதாக இறங்காதே, இறங்கியவர் நடந்து முடிக்கலாம் என்பது அதன் பொருளாம். ரோட்டின் அகலத்தை நொடிக்கு 3.5 அடி என்ற நடைவேகத்தால் வகுத்தால், அந்தக் கை எத்தனை நொடி மினுங்க வேண்டும் என்பது கிடைக்கும். முன்பு 4 அடி என்றிருந்தது. வயதானவர்களால் அந்த வேகத்தில் நடக்க முடிவதில்லை என்று, ரோட்டு விளக்குகளுக்கும் பலகைகளுக்கும் விதி சொல்கிற அமெரிக்கக் கையேட்டின் 2009 பதிப்பில் குறைத்தார்கள். நான் நின்ற ரோடு ஆறு தடம், தடத்துக்கு 12 அடி, ஆக 72 அடி. வகுத்தால் 21 நொடி. அதற்கு முன் நடக்கிற மனிதன் தெரிய 7 நொடி. மொத்தம் 28.

21 என்று எழுதியதுமே மனசு பிள்ளையார் நோன்புக்குப் போய்விட்டது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், 21 இழைத் திரி, இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது. சின்ன வயதில் பயந்து அழுத எனக்கு, முதல் இழையை ஊட்டிவிட்டது அப்பத்தாதான்.

அன்றிரவே அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, போன் போட்டேன். "அப்பத்தா முகப்புல இருந்து இரண்டாங்கட்டுக்கு நடக்குறத நேரம் பார்த்துச் சொல்லுங்க." ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக்கதவுமாக நீள்கிற வீடு எங்களுடையது. முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில். வாசலில் நின்றால் கொல்லை வெளிச்சம் தெரியும். வளவைச் சுற்றி பர்மாத் தேக்குத் தூண்கள், காலடியில் ஆத்தங்குடிக் கல். அப்பத்தா ஒவ்வொரு தூணையும் தொட்டுத் தொட்டுத்தான் நடப்பார்கள். ஆத்தா (என் அம்மா) டேப் பிடித்து 60 அடி அளந்தார்கள். அப்பச்சி கைக்கடிகாரத்தோடு கூடவே நடந்தார்கள்.

"34 நொடி. நடுவுல பூனைக்குட்டியப் பார்த்து நின்னாக, அதையும் சேர்த்துத்தான்."

நொடிக்கு 1.76 அடி. 28 நொடியில் 49 அடி. நான் நின்ற அந்த ரோட்டில் அப்பத்தா நான்கு தடத்தைத் தாண்டி ஐந்தாவதில் ஒரு அடி வைத்திருப்பார்கள், கடக்கிற நேரம் முடிந்திருக்கும். கை மினுங்கி முடிந்ததும், குறுக்கே வண்டிகளை விடுமுன் சேர்க்கிற மூன்று நொடியைக் கூட்டினாலும் அதே ஐந்தாவது தடம்தான். தொடுவதற்கு அங்கே தூணும் கிடையாது. நோட்டை மூடிவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்குப் படிப்பு ஓடவில்லை.

போனை வாங்கி அப்பத்தா கேட்டார்கள்: "எனக்கு எத்தன மார்க்கு போட்டாக ராசா?"

இதே அப்பத்தாதான் பழனிக்கு நடந்தவர்கள். குன்றக்குடியில் கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று தைப்பூசத்துக்குப் போகிற பாதயாத்திரை. பத்தொன்பது வயதில் நானும் போனேன். காவடிகள் வரும்போது லாரி, பஸ் எல்லாம் ஓரங்கட்டும். யாரும் நொடி எண்ண மாட்டார்கள். வழிநெடுக நீர்மோர், பானகம். கால் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிவிட முன்பின் தெரியாத கை நீளும். நடக்கிறவருக்கு ரோடு காத்திருப்பதை நான் அங்கேதான் பார்த்தேன். மற்ற நாள் காரைக்குடிப் பேருந்து நிலையத்து முன்னால் அப்படியா என்று கேட்டால், இல்லைதான். அங்கே விளக்கும் இல்லை, கணக்கும் இல்லை. கையை உயர்த்திக்கொண்டு இறங்க வேண்டியதுதான். இங்கே ஒரு கணக்காவது இருக்கிறது, அதைத் திருத்தவும் வழி இருக்கிறது என்பதை நான் மதிக்கிறேன். 3.5 என்று படித்துவிட்டு அப்படியே கடந்துபோக மட்டும் முடியவில்லை.

பருவக் கட்டுரைக்கு இதையே எடுத்தேன். முதியோர் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் ஒரு பாதசாரிக் கடவையில் உட்கார்ந்து, கடப்பவர்களுக்கு ஆகிற நொடிகளை எண்ணுகிறேன். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கூடுதல் நேரம் தருகிற ஏற்பாட்டை விளக்கிலேயே வைக்கலாம். கையேடு அதற்கு இடம் கொடுக்கிறது. அந்தக் கடவையில் அது இல்லை. வைக்கச் சொல்லி எழுதப்போகிறேன்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. பஸ் நேரம் தெரியும், பொன்னி அரிசி கிடைக்கிற கடை தெரியும், கை மினுங்கினால் பதறுவதில்லை. நோன்புக்கு இங்குள்ள நம்மவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை, கைத்தடியோடு ஒரு மூதாட்டி கடவையில் இறங்கினார். ஐந்தாவது தடத்தில் இருக்கும்போதே, விளக்கில் மீதி நொடியைக் காட்டுகிற எண் பூச்சியமானது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கார்கள் காத்திருந்தன. அவர் என் முழங்கையைப் பிடித்தார், தூணைத் தொடுகிற மாதிரி.