வட்டமாகப் பிடித்துக்கொண்ட மூன்று ஆப்ஜெக்ட்கள்

சி மொழியில் நான் எழுதிவரும் சிறிய ஸ்கிரிப்டிங் மொழியில் மெமரியைக் கவனித்துக்கொள்வது ரெஃபரன்ஸ் கவுண்டிங்தான். ஒரு ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைப்பது, எண் 0 ஆனதும் விடுவிப்பது. குளோஷர், அதாவது தான் பிறந்த இடத்தின் வேரியபிள்களைக் கூடவே பிடித்துக்கொள்ளும் ஃபங்ஷன், சேர்க்கும்வரை சிக்கலே வரவில்லை.

அப்புறம் ஒரு சோதனை எழுதினேன். ‘உருவாக்கு’ என்ற ஃபங்ஷன் ஒரு டேபிளை உண்டாக்கி, அதற்குள் இன்னொரு ஃபங்ஷனை வைத்துத் திருப்பித் தரும். அந்த உள் ஃபங்ஷன் தான் பிறந்த ஸ்கோப்பை (அங்கிருந்த வேரியபிள்களின் தொகுப்பை) பிடித்திருக்கும். ஸ்கோப் டேபிளை, டேபிள் மறுபடி ஃபங்ஷனை. வெளியே யாருக்கும் தேவைப்படாவிட்டாலும் மூன்றின் கவுண்ட்டும் 1-லேயே நிற்கும். 10,000 முறை ஓட்டினேன். மெமரி ஏறியது ஏறியதுதான்.

ரெஃபரன்ஸ் கவுண்டிங்கில் உள்ள இந்த ஓட்டையைப் பற்றி மெக்பெத் என்பவர் 1963-லேயே எழுதிவிட்டார். பைத்தான் 2000-ல், 2.0 பதிப்பில்தான் இதற்கென்று தனி கலெக்டரை (யாருக்கும் தேவைப்படாத ஆப்ஜெக்ட்களை அள்ளும் பகுதியை) சேர்த்தது. அந்த வழியையே எடுத்துக்கொண்டேன். எல்லாக் கவுண்ட்டையும் நகலெடுத்து, ஒவ்வொரு ஆப்ஜெக்டும் யார் யாரைப் பிடித்திருக்கிறதோ அவர்களுடைய நகலில் 1 கழிக்க வேண்டும். மீதி இருந்தால் வெளியிலிருந்து யாரோ பிடித்திருக்கிறார்கள். அவற்றையும் அவை வழியாக எட்டக்கூடியவற்றையும் விட்டு, மற்றதை அள்ளிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் ஸ்டாக்கைத் துழாவி, ரூட் (தேடலைத் தொடங்கும் ஆப்ஜெக்ட்கள்) தேட வேண்டியதே இல்லை. இந்த அழகுக்காகவே எனக்கு இது பிடிக்கும்.

முதல் ஓட்டத்தில் அள்ளியது 0. ஃபங்ஷன் யாரைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கும் நிரலில் ஸ்கோப்பைச் சேர்க்க விட்டுவிட்டேன். அதனால் ஸ்கோப்பின் நகல் 1-ல் நின்று, வெளியே ஆள் இருப்பதுபோல் காட்டியது. சரி, ஒரு வரி சேர்த்தேன். உடனே கிராஷ்.

நகல்களை அச்சிட்டுப் பார்த்தால் குளோபல் ஸ்கோப்பில் -9,999. எண்ணாத ஒன்றைக் கழித்தால்தான் இது மைனஸுக்குப் போகும். ஒவ்வொரு ஸ்கோப்பிலும் அதைச் சுற்றியுள்ள தாய் ஸ்கோப்பை (இங்கே குளோபல்) காட்டும் ஒரு பாயிண்டர் உண்டு. தாய் ஸ்கோப் எப்படியும் பிள்ளையைவிட அதிக நாள் இருக்கும் என்று நம்பி, அந்தப் பாயிண்டருக்கு நான் கவுண்ட் ஏற்றவே இல்லை. கலெக்டரோ 10,000 பிள்ளைகள் வழியாகவும் கழித்துவிட்டது. முதல் பிழை இருந்தவரை இது மறைந்திருந்தது. ஒன்றை விட்டுவிட்டால் மெமரி கசியும், அவ்வளவுதான். கூடுதலாக ஒன்றைக் கழித்தால் உயிரோடு இருப்பதே போய்விடும்.

குளோஷர் இருக்கும்போது அந்த நம்பிக்கையே தவறு என்பதால், தாய்ப் பாயிண்டருக்கும் கவுண்ட் ஏற்றினேன். நகல் மைனஸ் ஆனால் புரோகிராம் அங்கேயே நிற்கும்படி ஒரு அசெர்ட்டும் (சோதனை வரியும்) வைத்தேன்.

இப்போது அள்ளியது 29,997. 30,000 வரவில்லையே என்று ஒரு கணம் திக்கென்றது. கடைசி டேபிளை குளோபல் வேரியபிள் ஒன்று இன்னும் பிடித்திருந்தது. அதைக் காலி செய்து மறுபடி ஓட்டினேன்: 3.